எஃப்.சி. பெயிண்டுக்கு அடியில் வளரும் துரு: மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர்களுக்கு

காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி என எந்த மீன்பிடித் துறைமுகத்திலும் காத்து நிற்கும் பிக்கப் வண்டிகளின் கேபின் பளபளப்பாகத்தான் இருக்கும். குனிந்து சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) பார்த்தால் கதை வேறு. பட்டைபட்டையாகப் பொருக்கு எழும்பிய கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), பூத்துப்போன யு-போல்ட், அவற்றின் மேல் போன எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) அடித்த கறுப்புப் பெயிண்ட். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பலருக்குத் துரு நினைவுக்கு வருவதே அந்த வாரத்தில்தான். துருவின் மேல் அடித்த பெயிண்ட் பார்வைக்கு மட்டுமே. அடியில் உப்பும் ஈரமும் மூடப்பட்டு, வேலை நிற்காமல் நடக்கிறது.

மீன் வண்டி மற்ற வண்டிகளைவிட வேகமாகத் துருப்பிடிக்கக் காரணம் ஐஸ் தண்ணீர். உருகிய ஐஸோடு மீனின் ரத்தமும் உப்பும் சேர்ந்து வழிந்து, தளத்தின் இடுக்குகள் வழியாகச் சேசிஸில் இறங்குகிறது. வண்டி காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் உப்பு காய்வதில்லை. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கரையோர ஊர்களில் இரவு ஈரப்பதம் இதற்கு மேல்தான். ஆகவே செட்டில் நிறுத்திய வண்டியின் அடிப்பகுதி இரவெல்லாம் நனைந்தே கிடக்கிறது.

மழையில் ஓடினால் உப்பு கழுவிப் போய்விடும் என்பது பாதி உண்மை. மழை படும் இடங்களில் போகும். மழை படாத மறைவிடங்களில் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். சேசிஸ் பெட்டியின் (உள்ளீடற்ற பெட்டி வடிவ ரயிலின்) உட்புறம், தளத்துக்கும் கிராஸ் மெம்பருக்கும் இடையிலுள்ள இடுக்கு, ஸ்பிரிங் பட்டைகளின் நடுப்பகுதி, பிரேக் பைப்பைப் பிடிக்கும் கிளிப்பின் பின்புறம், கேபின் மவுண்ட் ரப்பரின் அடி ஆகிய ஐந்தையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் சேசிஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

முதல் வேலை, தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. மீன் பாக்ஸின் வடிகால் துளையிலிருந்து வரும் தண்ணீர் பல வண்டிகளில் நேராகப் பின் ஆக்ஸிலின் மேலோ சேசிஸ் ரயிலின் மேலோ விழுகிறது. அந்த இடத்தில் முதலில் அழிவது பிரேக் பைப்பும், லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் லோடு சென்சிங் வால்வும். ஒன்றரை அங்குல ஹோஸ் ஒன்றை வடிகாலில் மாட்டி, சேசிஸின் அடிமட்டத்துக்குக் கீழே, பின் சக்கரத்துக்குப் பின்னால் முடியும்படி கிளாம்ப் போட வேண்டும். நுனியில் ஒரு வால்வு, அதற்கு முன் சிறிய சேகரிப்புத் தொட்டி. சாலையில் மீன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகாமல் இருக்கவும் இதுவே வழி. செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

அடுத்தது கழுவுதல். எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கடலோர ஊர்களில் பல வாட்டர் சர்வீஸ்களில் ஓடுவது உப்பேறிய போர் தண்ணீர். அதில் கழுவினால் சேறு போகும், உப்பு புதிதாக வந்து சேரும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிச் சோதியுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்க அளவாக வைப்பது 500 பி.பி.எம். உங்கள் தண்ணீரும் அதற்குள் இருந்தால் நல்லது. 2000-ஐத் தாண்டினால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் பிடியுங்கள். மீட்டர் இல்லையென்றால் கண்ணாடித் துண்டில் நாலு சொட்டு விட்டுக் காய வையுங்கள், வெள்ளைப் படலம் தடிப்பாக நின்றால் அது சேசிஸுக்கு ஆகாது.

லோடு இறக்கியவுடன், காய்வதற்குள், கழுவ வேண்டும். எடுத்த எடுப்பில் பிரஷர் வாஷரை வைத்தால் உப்பு நீர் இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். முதலில் சாதாரண ஹோஸில் 10 நிமிடம் மேலிருந்து கீழாக நனைத்து ஊற விடுங்கள். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கிப் பிரஷர் அடியுங்கள். சேசிஸ் பெட்டியில் இருக்கும் துளைகளுக்குள் ஹோஸை நுழைத்து, மறுபுறத் துளையில் தெளிந்த நீர் வரும் வரை ஓட விடுங்கள். வடிகால் துளைகளில் செதிலும் மண்ணும் அடைத்திருக்கும், கம்பியால் குத்திச் சுத்தம் செய்யாவிட்டால் உள்ளே விட்ட தண்ணீரே எதிரியாகிவிடும். வீல் பேரிங், ஒயரிங் கனெக்டர், டிஃப்ரென்ஷியல் பிரீதர் (பின் ஆக்ஸிலின் காற்றுத் துளை) மீது நேராக அடிக்க வேண்டாம். கழுவி முடித்ததும் தளத்தின் ரப்பர் மேட்டைத் தூக்கிச் சாய்த்து வையுங்கள்.

வேஸ்ட் ஆயிலை டீசலில் கலந்து அடிக்கும் வழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலக் கழிவு இருக்கிறது. ஸ்பிரிங் புஷ், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்கள் அதில் ஊதித் தளர்ந்துபோகும். பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மண்ணையும் உப்பையும் பிசினாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடிப்பவரின் தோலுக்கும், சொட்டும் நிலத்துக்கும் கேடு. துருவைச் சுரண்டாமல் தார் போன்ற அண்டர்பாடி கோட்டிங் அடிப்பதும் இதே ரகம்தான். ஓராண்டில் அது விரிசல் விடும், விரிசலில் புகுந்த உப்பு நீர் வெளியேற முடியாது. வெளியே கறுப்பாக முழுசாகத் தெரிய, உள்ளே தகடு பொடியாகும்.

தளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எம்.எஸ். (சாதா இரும்பு) தளத்தின் மேல் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட் விரித்தால் துரு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு நீர் புகுந்தால் எஸ்.எஸ். பிழைத்துக்கொள்ளும், எம்.எஸ். பலியாகும். அடியில் பெயிண்ட் உரிந்த சிறு புள்ளி இருந்தாலும், அத்தனை பெரிய எஸ்.எஸ். பரப்பின் தாக்கம் அந்தப் புள்ளியில் குவிந்து ஆழமாக ஓட்டை போடும். எஸ்.எஸ். போடத்தான் வேண்டுமென்றால், எம்.எஸ். தளத்துக்கு மட்டுமல்லாமல் ஷீட்டின் அடிப்பக்கத்துக்கும் எப்பாக்ஸி அடியுங்கள். ஓரங்களை 10 சென்டிமீட்டர் மேலே மடித்து, எல்லா இணைப்பையும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் வைத்து அடையுங்கள். அலுமினிய செக்கர்டு ஷீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே அரிப்பது அலுமினியம். ஆனால் அடியில் தண்ணீர் தேங்குவது அதேதான்.

முழு வேலைக்கு ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. உப்போடு அப்படியே 61 நாள் நிறுத்திவைத்த வண்டி, ஓடியதைவிட மோசமாகலாம். எனவே தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே கழுவுங்கள்.

கழுவிக் காய்ந்தபின் சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. சத்தம் மழுங்கினால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது பெயிண்ட் வேலை இல்லை, வெட்டி மாற்றும் வேலை. மேலே பட்டி போட்டு மறைக்கக் கூடாது. வெல்டிங் வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வெல்டிங் சூட்டில் உட்புறப் பெயிண்டும் கருகும், அந்த இடத்தில் உள்ளேயும் கடைசியில் அடிக்கும் மெழுகு போக வேண்டும்.

பொருக்கைச் சுத்தியலும் ஸ்க்ரேப்பரும் கொண்டு எடுங்கள். கிரைண்டரில் ஒயர் பிரஷ் மட்டும் போட்டால் துரு மழமழவென்று பளபளக்கும், போகாது. 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க் தேவை. எடுத்தபின் மறுபடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். குழிகளுக்குள் உள்ள உப்பு அப்போதுதான் வெளிவரும். இந்த இரண்டாவது அலசலைப் பெரும்பாலான பட்டறைகள் விட்டுவிடுகின்றன, அடித்த பெயிண்ட் ஆறு மாதத்தில் கொப்புளிப்பதும் அதனால்தான். எட்டாத மூலைகளுக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றிக் கெட்டிப்படுத்தும் திரவம்). அது மெல்லிய, ஒட்டிய துருவில்தான் வேலை செய்யும்.

பிரைமருக்கு ரெட் ஆக்சைடு போதாது. அது மலிவு, ஆனால் நீரை ஊடுருவ விடும். இரண்டு டப்பா கலக்கும் எப்பாக்ஸி சிங்க் பாஸ்பேட் பிரைமர் வாங்குங்கள். கலவை விகிதம் டின்னில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும், கண் மதிப்பு கூடாது. சேசிஸுக்கும் பாடி அடிப்பகுதிக்கும் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் ஆகும். வெல்டிங் ஓரங்களுக்கும் போல்ட் தலைகளுக்கும் முதலில் பிரஷ்ஷில் ஒரு கை, பிறகு ஸ்ப்ரே. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்காதீர்கள். காலை 10 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மேலே பியூ பெயிண்ட். இறுதியில் சேசிஸ் பெட்டிக்குள் நீண்ட குழல் நாசில் வைத்து கேவிட்டி வேக்ஸ் (உட்புறத்துக்கான மெழுகு), சுமார் 2 லிட்டர். வடிகால் துளையில் அது சொட்டினால்தான் கடைசிவரை போயிருக்கிறது என்று பொருள். சொட்டி முடிந்ததும் துளையில் அடைத்த மெழுகை எடுத்துத் திறந்துவிடுங்கள்.

பிரேக் பைப்பில் பெயிண்ட் வேலை எதுவும் செய்யாதீர்கள். எல்லாக் கிளிப்பையும் கழற்றி, துணியால் துடைத்து, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டினால் அந்தப் பைப் முழுவதையும் மாற்ற வேண்டும். நடுவில் வெட்டி ஜாயின்ட் போடக் கூடாது. செம்புக் குழாய் அதிர்வில் விரிசல் விடும், அதைப் போடாதீர்கள். கிடைத்தால் குப்ரோ-நிக்கல், இல்லையென்றால் கோட்டிங் உள்ள ஒரிஜினல் ஸ்டீல் பைப். கூடவே லோடு சென்சிங் வால்வின் லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் லோடு வண்டியில் பின் பிரேக் பலமிழக்கும் அல்லது காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகும். அதைச் சரிசெய்யாமல் அடுத்த லோடு ஏற்ற வேண்டாம்.