கழற்றிப் பூட்டிய லப்டொப்பில் ஃபான் ஏன் இரைகிறது?

லப்டொப்பின் அடிமூடியைத் திறந்து, தூசி தட்டி, புரொசசரின் மேலே பூசியிருக்கிற வெப்பம் கடத்தும் பேஸ்ட்டையும் மாற்றிப் பூட்டியாயிற்று. ஆனால் முன்பிருந்த இரைச்சல் குறையவில்லை, கூடிவிட்டது. சிலருக்கு நேர்மாறு: ஃபான் சுற்றவே இல்லை. ரவுணில் லப்டொப் திருத்துகிற கடைகளுக்கு, "அண்ணை, புது ஃபானும் மாத்திப் பாத்திட்டன், அதே சத்தம்தான்" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி வருகிற பலவற்றில் ஃபானில் ஒரு பழுதும் இருக்காது. அதற்கு வருகிற கட்டளைதான் அப்படி.

கட்டளை கொடுப்பது மதர்போர்டில் இருக்கிற ஒரு சின்னச் சிப். விசைப்பலகை, பற்றரி, சார்ஜ் எல்லாவற்றையும் கவனிக்கிற அதே சிப்தான் ஃபானையும் பார்த்துக்கொள்கிறது. புரொசசருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கிற உணரிகள் உண்டு. அவை சொல்கிற எண்ணைப் பார்த்து, ஃபான் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று இந்தச் சிப் முடிவெடுக்கும்.

நான்கு வயர் உள்ள ஃபானில் இரண்டு வயர் மின்சாரத்துக்கு. பெரும்பாலும் 5 வோல்ட். மூன்றாவது வேகக் கட்டளை கொண்டுவருகிறது. மின்னைச் செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 தடவை விட்டு விட்டுக் கொடுப்பதுதான் அந்தக் கட்டளை. அது நம் காதுக்கு எட்டாத அளவு. நான்காவது வயர் பதில் அனுப்புகிறது. ஃபான் ஒரு சுற்றுச் சுற்றினால் பொதுவாக இரண்டு துடிப்புகள் திரும்பிப் போகும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் செக்கனுக்கு 50 சுற்று, 100 துடிப்பு. இந்தத் துடிப்பு வராவிட்டால் ஃபான் நின்றுவிட்டது என்றுதான் சிப் எடுத்துக்கொள்ளும். எச்பி லப்டொப்களில் தொடக்கத்திலேயே '90பி' என்று திரையில் வருவதும், லெனோவோ திங்க்பேட்களில் 'ஃபான் எரர்' என்று வந்து அணைந்துபோவதும் இதனால்தான். கழற்றிப் பூட்டிய பிறகு இது வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபான் வயர் மதர்போர்டில் இறங்குகிற சின்ன வெள்ளைப் பிளக்கை. கண்ணுக்கு முழுதாக இறங்கினமாதிரித் தெரியும், ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர் தூக்கி நிற்கும். வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றியிருந்தால் ஒரு வயர் பிளக்குக்குள் அறுந்திருக்கவும் கூடும். ஃபான் நன்றாகச் சுற்றியும் 'எரர்' காட்டினால், அறுந்தது பதில் அனுப்புகிற வயர் என்று சந்தேகிக்கலாம்.

சரி, ஃபான் சுற்றுகிறது, ஆனால் எந்நேரமும் உச்ச வேகத்தில். இதுதான் அதிகம் கேட்கிற முறைப்பாடு. இதைப் பிடிக்க வெப்பம் வெளியே போகிற பாதையைத் தெரிந்திருக்க வேண்டும்.

புரொசசரின் மேலே பேஸ்ட், அதற்கு மேலே செப்புத் தகடு, தகட்டிலிருந்து தட்டையான செப்புக் குழாய். அந்தக் குழாயை வெறும் செப்புக் கம்பி என்று நினைக்கிறவர்கள் உண்டு. உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சொட்டுத் தண்ணீர் விட்டு மூடியிருக்கிறார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 பாகைக்கு வெகு கீழேயே தண்ணீர் ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்து தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கிற நுண்துளைச் செப்புப் படை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்தத் தண்ணீரைச் சூடான முனைக்குத் திரும்ப இழுத்துவரும். மறுமுனையில் மெல்லிய செதில்கள், அவற்றினூடே காற்றைத் தள்ளுவது ஃபான். கழற்றும்போது இந்தக் குழாயை நெளித்துவிட்டால் உள்ளே இருக்கிற படை நசிந்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது.

எந்த இடத்தில் பிழை என்பதை ஒரு கடிகாரமும் உள்ளங்கையும் சொல்லிவிடும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வேலை தொடங்கி ஓரிரு செக்கனிலேயே 50-இலிருந்து 95-க்குப் பாய்ந்து, நிறுத்தியதும் அதே வேகத்தில் விழுந்தால், புரொசசருக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே தொடர்பு சரியில்லை. புரொசசர் என்கிற அந்தச் சின்னச் சிலிக்கன் துண்டில் வெப்பத்தைத் தாங்கி வைக்க இடமே இல்லை, அதனால்தான் அந்தப் பாய்ச்சல். மாறாக, சில நிமிடங்கள் எடுத்து மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் மெல்லத்தான் இறங்கினால், செப்பு வெப்பத்தை வாங்கியிருக்கிறது, காற்றுத்தான் அதைக் கொண்டுபோகவில்லை.

காற்று வெளியேறுகிற வாய்க்கு முன்னால் கையை வையுங்கள். திரையில் 95 பாகை காட்டுகிறது, ஃபான் கத்துகிறது, ஆனால் கையில் படுகிற காற்று குளிர்ச்சியாகவே இருக்கிறது என்றால் வெப்பம் செதிலுக்கு வந்து சேரவே இல்லை. தொடர்பு விட்டிருக்கிறது, அல்லது குழாய் பழுது. காற்று சூடாக, ஆனால் மெலிதாக வந்தால் அடைப்பு. இந்த இரண்டு சோதனையையும் செய்யாமல் புது ஃபானுக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் எண்ணம்.

தொடர்பு ஏன் விடுகிறது? செப்பு வெப்பத்தைக் கடத்துகிற அளவு சுமார் 400 (மீற்றருக்கும் பாகைக்கும் இத்தனை வாற்று என்ற கணக்கில்). நல்ல பேஸ்ட் பத்தைச் சுற்றி நிற்கும். காற்றோ 0.026. ஆகவே காற்றிடைவெளியை நிரப்பப் பேஸ்ட் தேவை, ஆனால் செப்போடு ஒப்பிட்டால் அது படு மோசமான கடத்தி. தடிப்பாகப் பூசினால் நன்மை இல்லை. புரொசசரின் நடுவே ஒரு பயறளவு போதும், தகடு அமர்ந்ததும் தானே பரவும்.

அதைவிடக் கூடிய சிக்கல், அதே தகட்டின் கீழே வருகிற மற்ற மின்பகுதிகளின் மேலே ஒட்டுகிற சாம்பல் நிற மெத்தைத் துண்டுகள். பழையது 0.5 மில்லிமீற்றராக இருந்த இடத்தில் 1 மில்லிமீற்றரை ஒட்டினால், தகடு முழுவதும் தூக்கிக்கொண்டு புரொசசரைத் தொடாமலே நிற்கும். இன்னும் சிலர் புது மெத்தையின் பிளாஸ்ரிக் தாளை உரிக்காமலே ஒட்டிவிடுவார்கள். தகட்டு ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அடித்திருக்கும் இலக்கங்களும் அழகுக்கு இல்லை. அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் தகடு சரிந்து அமரும்.

காற்றுப் பக்கத்துப் பிழைக்கு இங்கே யாழ்ப்பாணத்தில் காரணம் தேடி அலையத் தேவையில்லை. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்து லப்டொப் ஒன்றைத் திறந்தால் செதில்களின் உட்பக்கத்தில் செம்மண் நிறத்தில் கம்பளிமாதிரி ஒரு படை இருக்கும். அது ஃபானுக்கும் செதிலுக்கும் இடையே இருப்பதால், வெளியிலிருந்து பிரஷ் போட்டால் வராது. ஃபானைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். துடைத்த இறகுகள் பளபளக்க, இந்தப் படை மட்டும் அப்படியே இருக்கிற லப்டொப்கள் ஏராளம். கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று பிளக்கின் ஊசிகளில் பச்சை பிடிக்க வைக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயர்க் கடைக் காற்றுக் குழாயால் ஊதுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஊதலில் ஃபான் சுற்றுகிற வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல அதன் அச்சு. போதாததற்கு, சுழல்கிற ஃபான் ஜெனரேற்றராக மாறிப் போர்டுக்குள் மின்னை அனுப்பும். இறகை விரலால் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் போதும். அதற்கு முன் சார்ஜரையும் பற்றரிப் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும்.

இரைச்சலில் இன்னொரு வகை உண்டு: 'டிக் டிக்' என்றோ, உரசுகிறமாதிரியோ வருவது. மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் சத்தம் போகிறதா? அப்படியென்றால் மூடி ஃபானை அழுத்துகிறது, அல்லது வைஃபை வயர் ஒன்று இறகுக்குள் தலை நீட்டுகிறது. நீளமான ஸ்குரூவைக் கட்டையானதன் இடத்தில் போட்டாலும் இதே கதைதான். லப்டொப்பை நிமிர்த்திப் பிடித்தால் சத்தம் மாறுகிறது என்றால் அச்சு தேய்ந்திருக்கிறது. அங்கே தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. முதல் நாள் அமைதியாக ஓடும். பிறகு எண்ணெய் பிசினாகித் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். விடுவதென்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதுவும் புது ஃபான் வரும்வரைக்குத்தான்.

எண்களைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஒரு விஷயம். யூரியூப்பில் ஒருவர் 75 பாகை காட்டுகிறார் என்றால் அவர் இருப்பது 22 பாகை ஏசி அறையாக இருக்கலாம். நம் வீட்டில் பின்னேரம் 33. ஃபான் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது, ஆகவே அந்த 11 பாகையும் அப்படியே மேலே ஏறும். கனமான வேலையில் 86 காட்டினால் திரும்பக் கழற்றத் தேவையில்லை. பல இன்டெல் லப்டொப் புரொசசர்கள் 100 பாகையை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

உண்மையிலேயே ஃபான்தான் பழுது என்று முடிவானால், லப்டொப்பின் மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மொடலில் இரண்டு மூன்று விதமான ஃபான் வரும். பழையதன் முதுகில் ஒட்டியிருக்கிற தாளில் உள்ள இலக்கம், வோல்ட், அம்பியர், வயர் எத்தனை, எந்த நிற ஒழுங்கு என்பவற்றை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். இரட்டை ஃபான் உள்ளதென்றால் இடமா வலமா என்பதையும் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து எடுப்பித்த பிறகு மாற்றித் தர எல்லாக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார்கள்.