கேரக்டர் ஆர்க்: தமிழில் ‘குணப்போக்கு’

கதையின் தொடக்கத்தில் ஒருவரைச் சந்திக்கிறோம். முடிவில் அவரை விட்டுப் பிரிகிறோம். இடைப்பட்ட காலத்தில் அவருடைய உள்ளத்தில் என்ன மாறியது, எந்த வழியாக மாறியது என்பதைக் குறிக்கத் திரைக்கதையாளர்கள் வழங்கும் சொல் ‘கேரக்டர் ஆர்க்’. இந்த விளக்கத்தில் ‘எந்த வழியாக’ என்பதுதான் கனமான பகுதி. கோழை வீரனாகிறான், கஞ்சன் வள்ளலாகிறான் என்று இரு முனைகளைக் குறித்துவிட்டு ஆர்க் எழுதியாயிற்று என்று எண்ணுபவர்கள் பலர். முனைகளை எவரும் ஒரே வரியில் எழுதிவிடலாம். நடுவில் உள்ள வழியை எழுதத்தான் ஒரு முழுத் திரைக்கதை தேவைப்படுகிறது.

‘கேரக்டர்’ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘கராக்டேர்’ என்றால் அங்கே செதுக்கும் கருவி, முத்திரை பதிக்கும் அச்சு. பிறகு அந்த அச்சு பதித்த தடம். ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டும் குணமுத்திரை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ் இந்தச் சொல்லையே தலைப்பாக்கி, முகத்துதி பாடுபவன், ஓயாமல் பேசுபவன், கருமி என்று முப்பது வகை மனிதர்களைச் சொற்சித்திரமாகத் தீட்டினார். அவர்களில் எவரும் மாறுவதில்லை. கருமி கடைசிவரை கருமிதான். நாடகத்திலும் நாவலிலும் வரும் ஆளைக் குறிக்கும் பொருள் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

‘ஆர்க்’ என்பதன் வேர் ‘ஆர்குஸ்’ என்ற லத்தீன் சொல். பொருள், வில். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது, சூரியன் எழுந்து உச்சியேறிச் சாய்வதாக நம் கண்ணுக்குத் தெரியும் வான்பாதையை அது குறித்தது. பிறகு வடிவியலுக்குப் போனது. நம் கணிதப் பாடநூல்களிலும் வட்டப் பரிதியின் ஒரு பகுதிக்கு ‘வில்’ என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டுக்கு ‘நாண்’ என்றும்தான் பெயர். கதை சொல்லும் கலைக்கு இந்தச் சொல் வந்தது 20ஆம் நூற்றாண்டில்.

ஆக, ஒன்று பதிந்துவிட்ட முத்திரை. மற்றொன்று நகரும் பாதை. ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது முதல் சொல்லின் கட்சி. மனிதர் நகரக் கூடியவர் என்பது இரண்டாவதன் கட்சி. இரண்டும் ஒரே தொடரில் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. நல்ல பாத்திரங்கள் எல்லாம் இந்த இழுபறியில்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன்.

சொல் புதிது, சிந்தனை பழையது. அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் பாத்திரம் ஒரு சீராக இருக்க வேண்டும் என்கிறார். முன்னுக்குப் பின் முரணானவராகவே ஒருவரைப் படைத்தால்கூட அந்த முரணும் சீராக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார். மாற்றத்தை எழுதுகிறவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய வரி இது. அதே நூலில் நிலைமை தலைகீழாகத் திரும்புவதையும், அறியாமை நீங்கி உண்மை புலப்படுவதையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, இரண்டும் ஒருசேர நிகழ்வதே சிறப்பு என்கிறார். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் நாடகக்கலை கற்பித்த லாயோஷ் எக்ரி, 1946இல் வெளிவந்த தமது நூலில் பாத்திரம் ஒரு துருவத்திலிருந்து எதிர்த்துருவத்துக்குப் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆனால் நடுப்படிகளைத் தாவிக் குதிப்பதை அவர் பெரிய குறையாகக் கண்டார். படி தாண்டிய மாற்றத்தைப் பார்வையாளர் நம்பமாட்டார் என்பது அவர் கவலை. இன்றைக்கும் அது தீர்ந்தபாடில்லை.

இனி, தமிழில் என்ன சொல்வது?

‘பாத்திர வளைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, பொருளில் பிசகு. தமிழில் ‘வளைவு’ என்றதும் சாலைத் திருப்பமோ நுழைவாயிலோ நினைவுக்கு வருகிறது. மனிதரோடு சேர்த்தால் ‘வளைந்து கொடுப்பவர்’ என்ற தொனி ஏறிவிடுகிறது. ‘பாத்திர வளர்ச்சி’ பரவலாக வழங்கும் சொல், காதுக்கும் இதமானது. ஆனால் நல்லவர் ஒருவர் பேராசையில் சிறிது சிறிதாகச் சரிந்து அழிவதும் ஆர்க்தான், அதை வளர்ச்சி என்று சொல்ல நா கூசுகிறது. ‘மனமாற்றம்’ அசல் தமிழ் வழக்கு. எனினும் அது ஒரு கணத்தில் முடிந்துவிடும் நிகழ்ச்சி. ‘மனம் மாறிவிட்டான்’ என்றால் கதை அங்கேயே முடிந்துபோகிறது. ‘பரிணாமம்’ பல தலைமுறைகளைத் தாண்டும் உயிரியல் மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘உருமாற்றம்’ வெளித்தோற்றத்தைச் சுட்டுகிறது.

என் தேர்வு ‘குணப்போக்கு’. ‘போக்கு’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. ஆற்றின் போக்கு, காற்றின் போக்கு என்னும்போது அது செல்லும் திசையும் வழியும். ‘அவர் போக்கே மாறிவிட்டது’ என்னும்போது அது ஒருவருடைய நடத்தை. பாதை, நடத்தை இரண்டையும் ஒரே சொல் தாங்குவதைப் போன்ற வசதி வேறு எங்கும் கிடைக்காது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அது பொதுவானது. தவிர, ‘கதைப்போக்கு’ ஏற்கெனவே நம்மிடம் நிலைபெற்றுவிட்ட சொல். அதற்கு இணையாகக் ‘குணப்போக்கு’ வந்து உட்காரும்போது, ஒரு திரைக்கதையில் ஓடும் இரண்டு ஓட்டங்களுக்கும் ஒரே அச்சில் பெயர் அமைந்துவிடுகிறது. ‘பாத்திரப்போக்கு’ என்றால் என்ன என்று கேட்கலாம். பாத்திரம் முழு ஆள். அவர் ஊர் விட்டு ஊர் போவதும் அதில் அடங்கிவிடும். நாம் பேச வந்தது அவருடைய குணம் நகரும் வழியைப் பற்றி மட்டுமே. ‘மனப்போக்கு’ என்ற சொல்லும் உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட ஒரு வேளையில் ஒருவருக்கு இருக்கும் எண்ணச் சாய்வு.

குணப்போக்கு என்றால் என்ன என்பதற்கு நம்மிடமே தெளிவான சான்று இருக்கிறது. கண்ணகி புகாரில் அடக்கமே உருவாக இருந்து, மதுரையில் திடீரென்று கனலாக மாறினாள் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். சிலப்பதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. கணவன் பிரிந்திருக்கும் நாளில் தேவந்தி வந்து, பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள். கண்ணகியின் விடை ஒரே தொடர்: ‘பீடன்று’. அது பெருமையாகாது. மறுப்பு அங்கேயே பிறந்துவிட்டது, ஆனால் அருகிலிருக்கும் தோழியிடம், தாழ்ந்த குரலில். அடுத்து, மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில், தான் செய்த பிழைகளை எண்ணிக் கோவலன் வருந்தும்போது, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்கிறாள். கணவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் கண்டனம். அதன் பிறகுதான் பாண்டியன் அவையில் ‘தேரா மன்னா’ என்ற குரல் எழுகிறது. தோழி, கணவன், அரசன்: மறுக்கப்படுபவரின் அதிகாரம் ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது, மறுக்கும் மனம் ஒன்றேதான். புகாரில் ‘பீடன்று’ என்று சொல்லாத ஒருத்தி மதுரையில் அரசனைக் கேள்வி கேட்டிருந்தால் நமக்கு நம்பிக்கை வந்திராது.

அதே அவையில் பாண்டியனுக்கு நேர்வதையும் பார்க்க வேண்டும். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த நொடியில் ‘யானோ அரசன்? யானே கள்வன்’ என்று வீழ்கிறான். உண்மை புலப்படுவதும் வாழ்வு கவிழ்வதும் ஒரே மூச்சில். அரிஸ்டாட்டில் புகழ்ந்த சேர்க்கை இதுதான். ஆனால் இந்த வேகத்தை முதன்மைப் பாத்திரத்துக்குக் கொடுக்க முடியாது. பாண்டியன் நமக்குச் சிறிது நேரமே தெரிந்தவன். கண்ணகியோடு நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கிறோம்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நாடகக் கதை வளரும் கட்டங்களான ஐந்து சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று பெயரிட்டு, உழுத நிலத்தில் இட்ட வித்து முளைத்து, நாற்றாகி, கருக்கொண்டு, கதிர் முற்றி, அறுவடையாகி உண்ணப்படுவதாக விளக்குகிறார். அவர் பேசுவது கதைப்போக்கைத்தான். ஆயினும் வித்தில் இல்லாதது கதிரில் வராது என்ற கணக்கு குணத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

எழுத உட்காருகிறவருக்கு இது எப்படிப் பயன்படும்? ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அலுவலகத்தில் கணக்கர். வேலை போய்விடக் கூடாது என்பது அவளுடைய விருப்பம். தலை குனிந்து இருந்தால் தீங்கு வராது என்பது அவள் உள்ளூர நம்பும் பொய். தன் பெயருக்குத் தானே பொறுப்பேற்பது அவளுக்குத் தேவையானது, ஆனால் அது அவளுக்கே தெரியாது. முதல் காட்சியில் மேலாளர் ஒரு கோப்பை மேசைமீது தள்ளுகிறார். அவள் படிக்காமலே கையெழுத்திடுகிறாள். பேனாவின் மூடியைக்கூட முன்கூட்டியே கழற்றி வைத்திருக்கிறாள். கதைப்போக்கு நகர்கிறது. அந்தக் கையெழுத்தால் குற்றமற்ற சக ஊழியர் ஒருவர் வேலை இழக்கிறார். கடைசியில் மீண்டும் ஒரு கோப்பு வருகிறது. அவள் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு முதல் பக்கத்தைப் புரட்டிப் படிக்கத் தொடங்குகிறாள். மேலாளர் காத்திருக்க வேண்டியதாகிறது.

இவ்வளவும் முனைகள். இதைக் குணப்போக்காக ஆக்குவது நடுவில் வரும் இன்னொரு கோப்பு. சக ஊழியர் போன பிறகு வருவது. இந்த முறை அவள் படிக்கிறாள். பொய்க்கணக்கு என்பது புரிகிறது. புரிந்தும் கையெழுத்திடுகிறாள். தெரியாமல் செய்ததைவிடத் தெரிந்து செய்வது அவளை இன்னும் கீழே தள்ளுகிறது. அன்றிரவு சக ஊழியரின் தொலைபேசி அழைப்பு வரும்போது அவளால் எடுக்க முடியவில்லை. அறிந்துகொள்வதற்கும் அறிந்தபடி நடப்பதற்கும் இடையில் உள்ள இந்த வெளிதான் முதன்மைப் பாத்திரத்தின் உயிர்நிலம். நான் படிக்கக் கிடைக்கும் பல திரைக்கதைகள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. யாரோ ஒரு பெரியவர் நான்கு வரி அறிவுரை சொல்கிறார், நாயகன் கண்கலங்குகிறான், மறுகாட்சியில் புது மனிதனாக நிற்கிறான். அறிவுரையால் மாறியவனை நாம் பாராட்டலாம், நம்ப முடியாது. பழைய நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆகும் விலை, அதை விடுவதற்கு ஆகும் விலையைவிடக் கூடிப்போகும் இடத்தில்தான் ஒருவர் மாறுகிறார். அந்த விலையை ஏற்றிக்கொண்டே போவது கதைப்போக்கின் வேலை. எனவே ஒரு நிகழ்ச்சியை வைக்கலாமா வேண்டாமா என்ற ஐயம் வந்தால், அது பாத்திரத்தின் பொய் நம்பிக்கையின்மீது எங்கே அழுத்துகிறது என்று பார்த்தால் போதும்.

நாவலாசிரியருக்கு உள்ள ஒரு சலுகை திரைக்கதையாளருக்கு இல்லை. ‘அவள் மனத்துக்குள் ஏதோ இளகியது’ என்று எழுதினால் கேமராவால் அதைப் படம் பிடிக்க முடியாது. உள்ளத்தில் எழுவது உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்று வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக எண்ணியது தொல்காப்பியம். திரைக்கதையில் குணப்போக்கு முழுவதும் மெய்ப்பாட்டின் வழியாகத்தான் பார்வையாளரை எட்ட முடியும்: பேனா மூடி, மூக்குக்கண்ணாடி, எடுக்கப்படாத தொலைபேசி. மாறிவிட்டதாகப் பாத்திரமே வசனத்தில் அறிவித்தால், எழுத்தாளர் அதைக் காட்டத் தவறிவிட்டார் என்று பொருள்.

போக்கு மேல்நோக்கியே இருக்க வேண்டும் என்பதில்லை. ஏறுபோக்கில் பொய் நம்பிக்கை உடைகிறது. இறங்குபோக்கில் அதையே இறுகப் பற்றிக்கொண்டு பாத்திரம் சரிகிறது. இது எழுதக் கடினமானது, ஏனென்றால் ஒவ்வொரு சறுக்கலும் அந்த நேரத்தில் நியாயமாகத் தோன்ற வேண்டும். நம் கணக்கர் மூன்றாவது கோப்பிலும் கையெழுத்திட்டு, நான்காவதைத் தானே தயாரித்துக் கொடுத்தால் அது இறங்குபோக்கு. மாறாப்போக்கு என்று ஒன்றும் உண்டு. துப்பறியும் கதைகளின் நாயகர்கள் பெரும்பாலும் இந்த வகை. அவர்கள் மாறுவதில்லை, அவர்கள் கொண்ட உறுதியோடு மோதிச் சுற்றியுள்ளவர்கள் மாறுகிறார்கள். நாயகனுக்கு ஆர்க் இல்லை என்று இத்தகைய கதைகளைக் குறை கூறுவது பொருந்தாது. அங்கே குணப்போக்கைத் தேட வேண்டியது துணைப்பாத்திரங்களிடம்.

கதை விவாதத்தில் இந்தச் சொல் தயக்கமின்றிப் புழங்கும். ‘நாயகியின் குணப்போக்கு இடைவேளைக்குப் பிறகு நின்றுவிடுகிறது’, ‘கதைப்போக்கு வேகமாக இருக்கிறது, குணப்போக்கு அதற்கு ஈடுகொடுக்கவில்லை’, ‘தம்பியின் இறங்குபோக்கு எந்தக் காட்சியில் தொடங்குகிறது?’ என்றெல்லாம் பேசிப் பார்க்கலாம். கடைசிக் கேள்விக்கு ஒரு காட்சி எண்ணை விடையாகச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் காட்சி இன்னும் எழுதப்படவில்லை.