இன்னொரு ஸ்பீக்கர் கட்டினால் சத்தம் இரட்டிப்பாகுமா?

திருவிழாப் பந்தலில் பின்னால் இருப்பவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றால், உடனே இன்னொரு ஸ்பீக்கரைக் கட்டச் சொல்வார்கள். கட்டிய பிறகும் பெரிய வித்தியாசம் தெரியாது. காரணம் காதின் கணக்கு.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல். அதில் ஒரு பாஸ்கலில் 50,000-ல் ஒரு பங்கு ஏறி இறங்கினாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். வலியெடுக்கும் சத்தத்துக்குச் சுமார் 20 பாஸ்கல், அதாவது பத்து லட்சம் மடங்கு. இத்தனை பெரிய வீச்சை 0 முதல் 120 வரை அடக்கத்தான் டெசிபல் அளவு. இது மடங்குக் கணக்கு: திறன் 2 மடங்கானால் 3 டெசிபல் கூடும், 10 மடங்கானால் 10 டெசிபல். காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் தேவை. ஆகவே 100 வாட் ஆம்பிளிஃபயரை 200 வாட்டாக்கினால் சற்றே கூடும், அவ்வளவுதான். இரட்டிப்பாக்க 1,000 வாட் வேண்டும். அதை ஸ்பீக்கரும் தாங்க வேண்டும்.

சேர்த்த ஸ்பீக்கர் கெடுக்கவும் செய்யும். பிளஸ், மைனஸ் வயர் மாறிவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும்; இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு பேஸ் காணாமல் போகும். சத்தம் குறைகிறதே என்று வால்யூமைத் திருப்புவதற்கு முன் வயரைப் பாருங்கள்.

உண்மையான எதிரி தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் காது உயரத்தில் இருந்து, முதல் வரிசை 2 மீட்டரிலும் கடைசி வரிசை 16 மீட்டரிலும் இருந்தால் வித்தியாசம் 18 டெசிபல். பின்னால் 82 கேட்க வேண்டுமென்றால் முன்னால் 100. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் அனுமதிக்கிறது. 3 கூடக்கூட நேரம் பாதியாகும். 100-க்கு வெறும் 15 நிமிடம்! முன்வரிசையில் உட்காருவது பெரும்பாலும் குழந்தைகள்.

அதே ஸ்பீக்கரைக் காதுக்கு 4 மீட்டர் மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள். முதல் வரிசைக்கு தூரம் 4.5 மீட்டராகும், கடைசி வரிசைக்கு 16.5 மீட்டர். வித்தியாசம் 11 டெசிபலாகச் சுருங்கும். பின்னால் அதே 82 கேட்க முன்னால் 93 போதும். ஸ்பீக்கரின் முகத்தைக் கடைசி வரிசையை நோக்கிச் சாய்த்தால் முன்வரிசைக்கு இன்னும் குறையும்.