நாக்கின் அடிச்சவ்வை எப்போது வெட்ட வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து 18 நாள் பெண் குழந்தையுடன் ஓர் இளம் தாயும் அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். “பிள்ளைக்கு நாக்கு ஒட்டியிருக்கு டொக்டர், இப்பவே வெட்டாட்டி பேச்சு வராது எண்டு எல்லாரும் சொல்லுகினம்” என்றார் அம்மம்மா. “பேச்சைப் பற்றி இப்ப யோசிக்காதேங்கோ அம்மா, முதல்ல பிள்ளை பால் குடிக்கிறதைப் பாப்பம்” என்றேன்.

நாக்கின் அடிப்பக்கத்தை வாயின் தரையோடு இணைக்கும் அடிச்சவ்வு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. அது குட்டையாகவோ தடிப்பாகவோ இருந்து நாக்கின் அசைவைத் தடுத்தால் மட்டுமே நோயாகக் கொள்கிறோம். சிசுப் பருவத்தில் வெட்டினால் பிற்காலப் பேச்சுக் குறைபாடு வராது என்பதற்குத் தக்க சான்று இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக வெட்டுவதை நான் ஏற்பதில்லை.

அந்தக் குழந்தை அழுதபோது நாக்கின் நுனி நடுவில் உள்ளிழுபட்டு இதய வடிவில் தெரிந்தது. பால் குடிக்கையில் ‘டக், டக்’ என்ற ஒலியுடன் பிடி நழுவியது. குடித்து முடிந்ததும் தாயின் முலைக்காம்பு நசிந்து வெளிறியிருந்தது. இருந்தும் அன்று வெட்டவில்லை. மார்பைப் பற்றும் விதம் திருந்தினாலே பல குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படாது என்பதால், முதலில் பாலூட்டல் ஆலோசனைக்கு அனுப்பினேன். 5 நாட்களின் பின்னும் வலி குறையாமல், குழந்தை பிறந்த எடையையும் மீண்டும் எட்டாதிருந்ததால்தான் வெட்டத் தீர்மானித்தோம். 302 குழந்தைகளை உள்ளடக்கிய 5 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் கொக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மீளாய்வில், சவ்வை வெட்டியபின் தாயின் வலி குறுகிய காலத்தில் குறைந்தது தெரிந்தது. குழந்தை பால் குடிப்பது மேம்பட்டதா என்பதில் ஒருமித்த முடிவு கிடைக்கவில்லை. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

இரத்தம் உறைய உதவும் விற்றமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்பவற்றை முன்னரே கேட்டறிய வேண்டும். குழந்தையைத் துணியால் சுற்றி, தாதி தலையை அசையாமல் பிடித்திருக்க, நாக்கை உயர்த்திச் சவ்வின் மெல்லிய பகுதியை மட்டும் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுகிறோம். உமிழ்நீர் நாளங்களின் வாய்கள் அருகிலேயே இருப்பதால் அவசரம் கூடாது. முழு மயக்கம் தேவையில்லை. சில துளி இரத்தம் கசியும். கோஸ் துணியால் அழுத்திவிட்டு உடனே தாயிடம் பால் குடிக்கக் கொடுப்போம்.

லேசரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரத்தக்கசிவு குறையலாம், ஆனால் கத்தரிக்கோலைவிடச் சிறந்த பலன் தரும் என்று நிறுவப்படவில்லை, அதன் வெப்பம் அருகிலுள்ள திசுவையும் சுடக்கூடும். தடித்த சவ்வோ, வெட்டியபின் மீண்டும் ஒட்டிக்கொண்ட சவ்வோ உள்ள வளர்ந்த பிள்ளைகளுக்கு, முழு மயக்கத்தில் வெட்டி, கரையும் நூலால் தைக்கும் முறை உண்டு.

அடுத்த சில நாட்களில் காயத்தில் தோன்றும் வெண்மஞ்சள் படலம் சீழ் அல்ல; அதைத் துடைக்க வேண்டாம். காயத்தை விரலால் தேய்த்து இழுக்கும் பயிற்சியால் நன்மை உண்டென்று உறுதியாகவில்லை. அம்மம்மா வசம்பும் தேனும் தடவலாமா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், குறிப்பாக ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது என்றேன். அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், அல்லது குழந்தை பால் குடிக்க மறுத்தால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.