பள்ளி மாவட்டம் அல்ல, பள்ளியாட்சி

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றித் தமிழில் எது எழுதினாலும் முதல் பத்தியிலேயே ‘பள்ளி மாவட்டம்’ வந்துவிடுகிறது. ஸ்கூல் என்றால் பள்ளி, டிஸ்ட்ரிக்ட் என்றால் மாவட்டம், இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டெக்சஸின் கேட்டி ஊரை இந்தச் சொல்லால் எழுதிப் பாருங்கள்: கேட்டி பள்ளி மாவட்டம் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்ற மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டியையும் மாவட்டம் என்றே எழுதுவதால் ஒரு மாவட்டம் மூன்று மாவட்டங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ஃப்ரிஸ்கோவிலும் இதே கதைதான். அதன் எல்லை காலின், டென்டன் என்ற இரண்டு கவுண்டிகளில் விழுகிறது. ஹாரிஸ் கவுண்டியிலோ இருபதுக்கும் மேற்பட்ட ‘பள்ளி மாவட்டங்கள்’. படிப்பவருக்கு எல்லையும் புரியாது, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் புரியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிஸ்ட்ரிக்ட் இடைக்கால லத்தீனின் ‘டிஸ்ட்ரிக்டுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இழுத்துப் பிடித்தல், கட்டாயப்படுத்துதல் என்பவை அதன் வேர்ப்பொருள். ஒரு பிரபுவின் கட்டளை செல்லும் எல்லைக்கு அந்தப் பெயர். ஜப்தியைக் குறிக்கும் ‘டிஸ்ட்ரெயின்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது ‘எங்கள் அதிகாரம் செல்லும் எல்லை’ என்ற பொருள். நம் மாவட்டம் வேறு வழியில் வந்தது. அரபு மூலமுள்ள ஜில்லாவை விலக்கிவிட்டு, தாலுகாவுக்கு வட்டம், அதைவிடப் பெரியதற்கு மா வட்டம் என்று அமைத்துக்கொண்டோம். நல்ல சொல், நிலைத்த சொல். ஆனால் மாவட்டம் என்றதும் தமிழ்நாட்டுக்காரர் மனதில் ஆட்சியர் வருவார், இலங்கைத் தமிழர் மனதில் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் வரும். இரண்டும் மேலிருந்து நியமிக்கப்படும் நிர்வாகம். சொந்தமாக வரி போடும் உரிமை இரண்டுக்கும் இல்லை.

அமெரிக்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோ வரி போடும். அதன் உயிர்நாடியே அதுதான். மாசசூசெட்ஸில் 1647-ஆம் ஆண்டுச் சட்டம் ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஊர்கள் பரந்து, பள்ளிக்கு நடக்கும் தூரம் கூடியபோது ஊருக்குள்ளேயே பகுதி பிரித்தார்கள். 1789-இல் சட்டம் அந்தப் பகுதிகளை ஏற்றது. 1800-இல் வரி வசூலிக்கும் உரிமையும் கொடுத்தது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் உண்டு. அது பள்ளிகளின் நிர்வாகத் தலைவரான கண்காணிப்பாளரை நியமிக்கும், வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றும், சொத்துவரி விகிதத்தைத் தீர்மானிக்கும், வாக்கெடுப்பு நடத்திக் கடன்பத்திரம் வெளியிடும், வழக்குப் போடும், வழக்கையும் சந்திக்கும். மேயருக்கும் கவுண்டிக்கும் அது கட்டுப்பட்டதல்ல.

‘பள்ளி மாவட்டம் சரியில்லை, கல்வி மாவட்டம் என்று எழுதலாமே’ என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்னும் பெரிய சண்டை உண்டு. கல்வி மாவட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் சொல். மாவட்டக் கல்வி அலுவலரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி அது. அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கு மேலே இயக்குநரகம். ஆய்வு, மாறுதல், தேர்வு மையம், சுற்றறிக்கை எல்லாம் அங்கே நடக்கும். தேர்தல் கிடையாது, வரி கிடையாது, கடன்பத்திரம் கிடையாது. ஆசிரியர் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. இந்தச் சொல்லை எடுத்து ஃப்ரிஸ்கோவுக்குச் சூட்டினால், வீட்டுவரி ஏன் ஏறியது என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர் அதை மேலிடத்து உத்தரவு என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த விகிதத்தைத் தீர்மானித்தது தன் வாக்கில் வந்த மன்றம் என்பதும், மே மாதமோ நவம்பரிலோ அந்த மன்றத்துக்குத் தேர்தல் நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாமலே போகும். ‘வலயம்’ என்றால் இலங்கையில் வலயக் கல்விப் பணிப்பாளர் நினைவுக்கு வருவார். ‘வட்டாரம்’ என்றால் இங்கே வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவர்களும் மேலிருந்து வந்த அலுவலர்கள்தான்.

பணம் வரும் வழியைப் பார்த்தால் இந்தச் சொற்கள் ஏன் பொருந்தவில்லை என்பது தெளியும். அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் கூட்டரசின், அதாவது அமெரிக்க மத்திய அரசின் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்துவரி.

சான் அன்டோனியோ நகரில் 1967-68 கல்வியாண்டின் கணக்கு நீதிமன்ற ஆவணத்தில் ஏறியிருக்கிறது. எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதியில் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி. அந்த நகர வட்டாரத்தில் அதுதான் மிக அதிகம். ஆனாலும் பள்ளிகளுக்கான மாநில நிதித் திட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கு போக, மாணவருக்கு 26 டாலர்தான் தேறியது. சொத்து மதிப்பு மாணவருக்கு 6,000 டாலரைக்கூடத் தொடாததே காரணம். பக்கத்திலிருந்த அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். வந்ததோ மாணவருக்கு 333 டாலர். எட்ஜ்வுட்டுக்கு மாநிலம் 222, கூட்டரசு 108 சேர்த்துத் தர, மொத்தம் 356. அலமோ ஹைட்ஸுக்கு மாநிலம் 225, கூட்டரசு 36 சேர்ந்து 594. அதிக வரி கட்டியவனுக்குக் குறைந்த பள்ளிதான் கிடைத்தது. மாநிலம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கொடுத்ததையும் கவனிக்க வேண்டும். இதை எதிர்த்து எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில், கூட்டரசு அரசமைப்பின்படி கல்வி அடிப்படை உரிமை அல்ல என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் சண்டை மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது. 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை மாநில அரசமைப்புக்கு முரண் என்றது. 1993 முதல் சொத்து வளம் மிக்க பகுதிகள் தம் வரியில் ஒரு பங்கை மாநிலத்துக்குத் திருப்பிக் கட்டுகின்றன. இந்த வரலாறு முழுவதும் ‘வரி போடும் எல்லை எது, அந்த எல்லைக்குள் எவ்வளவு சொத்து இருக்கிறது’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நடக்கிறது. கல்வி மாவட்டம் என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

மாநிலப் பணம் வரும் முறையும் இப்படித்தான் குழப்பப்படுகிறது. பல மாநிலங்கள் மாணவருக்கு ஓர் அடிப்படைத் தொகையை வைக்கின்றன. மாற்றுத்திறன், வறுமை, ஆங்கிலம் புதிதாகக் கற்றல் ஆகியவற்றுக்கு அதன்மேல் கூடுதல் எடை, அதாவது கூடுதல் தொகை உண்டு. வரும் மொத்தத்திலிருந்து உள்ளூர் தர வேண்டிய பங்கைக் கழித்து, மீதியை மாநிலம் தரும். ஒரு கணக்கு: 10,000 மாணவர், தலைக்கு 7,000 டாலர், ஆக 7 கோடி. உள்ளூர்ச் சொத்து மதிப்பு 500 கோடி, விகிதம் 100-க்கு 80 சென்ட் என்றால் 4 கோடி உள்ளூரில் வரும். மாநிலம் 3 கோடி தரும். அடுத்த ஆண்டு வீட்டு மதிப்பு 10 விழுக்காடு ஏறினால் உள்ளூர் 4.4 கோடி, மாநிலம் 2.6 கோடி. மொத்தம் அதே 7 கோடி. வீட்டு மதிப்பு ஏறியதால் பள்ளிக்குப் பணம் கொட்டுகிறது என்று செய்தி எழுதுபவர்கள் இந்தக் கழித்தலைப் பார்ப்பதே இல்லை. மேலும் டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் அடிப்படைத் தொகை பெயர்ப்பதிவை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, சராசரி தினவருகையை வைத்துத்தான். காய்ச்சல் பரவி வகுப்பு காலியானால் அடுத்து வரும் தொகையும் சுருங்கலாம்.

இனி என் பரிந்துரை. நகரத்தை ஆளும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு நகராட்சி. ஊரை ஆள்வது ஊராட்சி. அதே அச்சில் பள்ளிகளை ஆள்வது பள்ளியாட்சி. மன்றத்துக்குப் பள்ளியாட்சி மன்றம், அது போடும் வரிக்குப் பள்ளியாட்சி வரி. கேட்டி பள்ளியாட்சி மூன்று கவுண்டிகளில் பரவியிருக்கிறது என்று எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை. இதைக் கேட்டால் பள்ளி நிர்வாகம் என்றுதானே தோன்றுகிறது என்று சிலர் மறுக்கக்கூடும். நகராட்சி என்றதும் நகர நிர்வாகம் என்ற செயலா தோன்றுகிறது? வரி கட்டும் அலுவலகம்தான் தோன்றுகிறது. ‘ஆட்சி’ என்ற ஈறு தமிழில் உள்ளாட்சி அமைப்பின் அடையாளமாக ஊறிவிட்டது. நமக்கு இந்த அமைப்பு முற்றிலும் அந்நியமும் அல்ல. சென்னை மாகாணத்தில் மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்புகளாக இருந்த ஜில்லா போர்டுகள் வரியில் பங்கு வாங்கி உயர்நிலைப் பள்ளிகள் நடத்தின. சென்னை மாநகராட்சியின் சொத்துவரியில் கல்விவரி என்ற பகுதி உண்டு, மாநகராட்சி சொந்தமாகப் பள்ளிகளும் நடத்துகிறது. ஜில்லா போர்டை நினைவில் வைத்திருக்கும் தலைமுறைக்கு மாவட்டத்தைவிட ‘போர்டு’தான் சரியான குறிப்பு.

இன்னொரு நன்மையும் உண்டு. டெக்சஸில் பெயரோடு ஒட்டிவரும் ‘இண்டிபெண்டென்ட்’ என்ற அடைமொழியைச் ‘சுயேச்சைப் பள்ளி மாவட்டம்’ என்கிறார்கள். தேர்தலில் கட்சி இல்லாமல் நிற்பவர்தான் சுயேச்சை. அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள் நகரத்துக்கும் கவுண்டிக்கும் கட்டுப்படாதது என்பது. பள்ளியாட்சி என்றாலே அந்தப் பொருள் உள்ளே அடங்கிவிடுகிறது, அடைமொழி தேவையில்லை.

இந்தத் துறையின் மொழிபெயர்ப்பில் மற்றச் சொற்களின் நிலைமையும் மோசம். ‘மில்’ என்ற வரி அலகை ‘ஆலை வரி’ ஆக்குவது பெரிய பிழை. அதற்கும் நூற்பாலைக்கும் தொடர்பே இல்லை. ஆயிரம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில் என்று 1792-ஆம் ஆண்டு நாணயச் சட்டமே சொல்கிறது. ஒரு மில் என்றால் ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் வரி. 1994-க்குப் பின் மிச்சிகனில் குடியிருக்கும் வீடு அல்லாத சொத்துக்குப் பள்ளிக்காக 18 மில் என்பதை ‘ஆயிரத்துக்கு 18 டாலர்’ என்று எழுதுங்கள், எவருக்கும் புரியும். டெக்சஸ் நூறு டாலருக்குக் கணக்கிடுகிறது. இரண்டையும் ஒப்பிடும்போது பத்தால் பெருக்க மறந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். கலிபோர்னியாவின் ‘பார்சல் வரி’யை அப்படியே விட்டால் உணவகத்துப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். பார்சல் அங்கே மனை. மனைவரி என்று எழுதலாம். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், பள்ளிக் கடன்பத்திரத்துக்கோ 2000-ஆம் ஆண்டு முதல் 55 விழுக்காடு போதும். கடன்பத்திரத்தை வெறும் ‘பத்திரம்’ என்பதும் தவறு, வீட்டுப் பத்திரம் என்றே படிக்கப்படும். அந்தப் பணம் கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு உரியது, ஆசிரியர் சம்பளத்துக்கு அதைத் தொட முடியாது. இதைச் சொல்லாமல் ‘பத்திரம் நிறைவேறியும் ஆசிரியர் நீக்கமா’ என்று ஆதங்கப்படும் கட்டுரைகள் வாசகரைத் தவறான கோபத்துக்கு இட்டுச்செல்கின்றன.

கூட்டரசுப் பணத்தில் முதன்மையானது 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பாகப்படி ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகளுக்குப் போவது. அதைத் ‘தலைப்பு 1 நிதி’ என்கிறார்கள். சட்டத்தில் ‘டைட்டில்’ என்பது பாகம். முதல் பாக நிதி என்று சொன்னால் போதும். அதோடு வரும் நிபந்தனையும் முக்கியம்: இந்தப் பணம் மாநில, உள்ளூர்ப் பணத்துக்கு மேலே சேர வேண்டும், அதன் இடத்தை நிரப்பக் கூடாது. மாற்றுத்திறன் மாணவர் கல்விக்காக 1975-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய மாணவர் ஒவ்வொருவருக்கும் நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாகச் சொன்னது. அந்த அளவை ஒருமுறைகூட எட்டியதில்லை. பற்றாக்குறை பள்ளியாட்சியின் பொது நிதியிலிருந்துதான் போகிறது. இதைத் தெளிவாகச் சொல்லும் தமிழ்க் கட்டுரையைக் காண்பது அரிது, ‘மத்திய அரசு நிதி’ என்ற மூன்று சொற்களோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பள்ளியாட்சி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹவாயில் மாநிலம் முழுவதற்கும் ஒரே அமைப்பு, உள்ளூர்ச் சொத்துவரி அங்கே பள்ளிக்குப் போவதில்லை. மேரிலாந்து, வர்ஜீனியா போன்றவற்றில் பள்ளி மன்றத்துக்கு வரி போடும் உரிமை இல்லை. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் மன்றம் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான், ஆனால் பணத்தைக் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவிடம் கேட்டு வாங்குகிறது, வரி விகிதமும் அந்தக் குழுவின் கையில். அங்கே ‘கவுண்டிப் பள்ளித்துறை’ என்று எழுதுவதே சரி. வரியைப் பற்றி முறையிடும் பெற்றோரையும் பள்ளி மன்றத்துக்கு அனுப்பாமல் மேற்பார்வையாளர் குழுவின் வரவுசெலவு விசாரணைக்கே அனுப்ப வேண்டும்.