சப்-1 விதை வாங்கியாச்சு, அப்புறம்?

டெல்டாவில் வெள்ளம் என்று பேச்செடுத்தாலே இப்போது எல்லோரும் கேட்பது வெள்ளத்தைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல் விதை. நல்ல ரகம்தான், நானும் சிபாரிசு செய்கிறேன். ஆனால் அது எப்போது காப்பாற்றும், எப்போது கைவிடும் என்று விளக்க ஆளில்லை.

சப்-1 என்பது ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்த மரபணு. சாதாரண நெல் தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் போராடி, இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்து அழுகிவிடும். சப்-1 நெல்லோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பேசாமல் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். சுமார் 2 வாரம் தாங்கும், அதுவும் தூர் கட்டும் (பக்கத்தண்டு விடும்) பருவம் வரைக்கும்தான். நவம்பர் மழைக்குச் சரி. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் பெய்த மாதிரி, கதிர் முற்றியபின் மழை கொட்டினால் சப்-1 ஆனாலும் சாயும், கதிரிலேயே முளைக்கும். தப்பிய நெல்லும் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் இழுபறிதான்.

அதனால் பள்ளக்கால் வயலுக்கு மட்டும் இதைப் போடுங்கள். மேட்டு வயலுக்கு மத்திய கால ரகம். அறுவடை முன்னே பின்னே வந்தால் ஒரே மழை மொத்தத்தையும் கொண்டுபோகாது. தண்ணீர் நிற்கும்போதே யூரியா வீசாதீர்கள், காசுதான் கரையும். வடிந்து புது இலை விட்டபின் வேப்பம் புண்ணாக்கோடு கலந்து, ஓரிரவு வைத்துப் போடலாம்.

அடுத்தது பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். பதிவுத் தேதியை நீட்டிப்பார்கள் என்று கடைசி நாள்வரை இருந்துவிட்டு, சர்வர் வேலை செய்யவில்லை என்று இ-சேவை மையத்தில் நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். குத்தகைக்காரரும் சேரலாம், விஏஓ தரும் அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற பதிவு) வேண்டும். ரசீதில் கிராமமும் சர்வே எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள்.

இழப்பைப் பெரும்பாலும் கிராம அளவில்தான் கணக்கிடுகிறார்கள், உங்கள் வயல் மட்டும் போனால் பெரும்பாலும் பணம் வராது. (இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் விவசாயிகளுக்கு அத்தனை கோபம்.) அறுத்து வயலில் காயப் போட்ட பயிருக்குக் கதை வேறு: அறுத்த 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் நனைந்து போனால் தனி வயலாகவே பார்ப்பார்கள், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மிஷினில் அறுத்துக் களத்தில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது, அதற்குத் தார்ப்பாய்தான் காப்பீடு.