ரத்தத்தில் இருக்கிறது, ரிப்போர்ட்டில் இல்லை

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அலுவலக மருத்துவ முகாமில் எடுத்த பரிசோதனையில் கணவருக்குப் பிளேட்லெட் 38,000 என்று வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, ஈறில் ரத்தக் கசிவு இல்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஆனாலும் வீட்டில் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் பப்பாளி இலையை அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே வேறொரு லேபில் பார்த்தால் 1,10,000. சில மணி நேரத்தில் இப்படி ஏறுமா?

டெங்கு புண்ணியத்தில் 1,50,000-க்குக் கீழே போனால் குறைவு என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். 38,000 என்றால் பயப்படத்தான் செய்வோம். ஆனால் ஆள் நன்றாக இருக்க, தாள் மட்டும் பயமுறுத்தினால், ரத்தம் எடுத்த ஊதா மூடிக் குழாயையும் சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் குழாயில் இடிடிஏ என்ற உப்பு இருக்கிறது. ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். இடிடிஏ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரி, இதுவரை பள்ளிப் பாடம். அழகு இனிமேல்தான்.

பிளேட்லெட்டின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடியை இறுக்கி வைத்திருப்பதும் கால்சியம்தான். அதை உருவியதும் புரதங்கள் சற்றே விலகி, அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிகிறது. ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குச் சிலருடைய ரத்தத்தில், அந்தப் பகுதியை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடி இருக்கிறது. உடம்புக்குள் கால்சியம் இருப்பதால் அந்த ஆன்டிபாடிக்கு அங்கே வேலையே இல்லை. குழாய்க்குள் வந்ததும் ஒரு கையால் ஒரு பிளேட்லெட்டையும் மறு கையால் இன்னொன்றையும் பிடிக்கிறது. கொத்துக் கொத்தாகத் திரள்கின்றன. ரத்தம் ஆற ஆற, நேரம் போகப் போக, கொத்து பெரிதாகிறது.

எண்ணும் இயந்திரம் செல்களின் பருமனை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. முப்பது பிளேட்லெட் சேர்ந்த உருண்டை அதற்குப் பிளேட்லெட்டே அல்ல. விட்டுவிடும், சில சமயம் வெள்ளையணு என்று கணக்கெழுதிவிடும்.

முகாமில் காலையில் எடுத்த ரத்தம் லேபுக்குப் போய்ச் சேரவே மதியமாகியிருக்கலாம். இரண்டாவது லேபில் உடனே எண்ணியிருப்பார்கள். ஏறியது எண் மட்டும்தான். ஆனால் பெயர் பப்பாளி இலைக்குப் போய்விடும், அடுத்த தெருவில் நிஜமாகவே டெங்கு வந்தவருக்கும் அந்தச் சாறே போகும். இதுதான் எனக்குக் கவலை.

கண்டுபிடிக்கச் செலவு அதிகமில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூச்சின் ஓரத்தில் கேழ்வரகு சிந்தியதுபோல ஊதாக் குவியல்கள் தெரியும். இதைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன்கள் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வேண்டும். புது இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு திரவமான சிட்ரேட் இருக்கும் நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து உடனே எண்ணுவார்கள். அந்தத் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால், வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். சிலருக்கு இதிலும் திரளும் என்பதால் ஸ்லைடையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

பிளேட்லெட் நிஜமாகவே குறையும் நோய்களும் உண்டு. அதனால் இதை வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். காய்ச்சலோ ரத்தக் கசிவோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். திரள்வதுதான் காரணம் என்று உறுதியானால், அதை மருத்துவக் குறிப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு ஆபரேஷன் என்று போனால், அந்த ஒரு வரி தேவைப்படும்.